ஆஸ்பத்திரிப் பரிசோதனைச் சாலையும் நம் மக்களும்

(குன்றாண்டார்கோவிலில் கூடிய நமது சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது சங்கத்தார் எம்மை அழைத்து, யாம் பல்லாண்டுகளாகச் செய்துவரும் தொழிலைப்பற்றிச் சில சொல்லுமாறு பணித்தனர். யாம் சொல்வன்மையிற் சிறந்தவரல்லேம். கண்ணாடிக் குழாய்களோடும் உருப்பெருக்கியோடும் வாய்பேசாது உழைத்துப் பழகிய எமக்கு, இத்துணைப் பெரிய அவையின்முன் நிற்பது புதிது. எனினும், யாம் பேசப்புகும் பொருள் நம் குடும்பம் ஒவ்வொன்றையும் தொடுவதாகலின், சொற்குற்றம் பொறுத்துப் பொருளை மட்டும் கொள்ளுமாறு வேண்டிக்கொள்ளுகின்றோம்.

ஆஸ்பத்திரிகளில் இயங்கும் பரிசோதனைச் சாலை யாது, அங்குப் பணிபுரிவோர் கடமை யாது, அப்பணியை நம் ஆண்மக்களும் பெண்மக்களும் மேற்கொள்ளுதல் தகுமோ என்னும் மூன்றுமே இன்று யாம் எடுத்துக்கொண்டவை.

மருத்துவம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் வைத்தியரும், மருந்து கொடுப்போரும், அருகிருந்து பேணும் செவிலியருமே. திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், நோயுற்றோன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கு கூறுகளையே எண்ணினார். ஆயினும், சிகிச்சை தொடங்குமுன் நோய் இன்னதென்பதையும் அது தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்தறிதல் வேண்டுமென்று அவ்வதிகாரத்திலேயே அவர் வற்புறுத்தியுள்ளார். அவ்வாராய்ச்சியை நம் பண்டை வைத்தியர்கள் நாடி பிடித்தும், நாவையும் கண்ணையும் நோக்கியும், சிறுநீரின் நிறத்தையும் அதில் விட்ட எண்ணெய்த்துளி பரவும் வகையையும் கண்டும் தாமே செய்துவந்தனர். இக்காலத்தில் அதன் பெரும்பகுதி வைத்தியரிடமிருந்து வேறொருவர் கைக்கு மாறியுள்ளது. அவ்வேறொருவரே பரிசோதனைச் சாலை ஊழியர். அவரை நோயாளி காண்பதில்லை. அவர் பெயரும் அறியார். ஆனால், அவர் ஒரு தாளில் எழுதும் எண்ணை நம்பியே வைத்தியர் மருந்தெழுதுகின்றார். கத்தி எடுப்பதா வேண்டாவா என்பதையும் பலகால் அவ்வெண்ணே தீர்மானிக்கின்றது.

"எல்லாம் இயந்திரம் செய்கின்றதே, அதனருகில் நிற்பவருக்கு என்ன அறிவு வேண்டும்?" என்று நம்மவருட் பலர் கேட்கக் கேட்டிருக்கின்றோம். இயந்திரம் தன்னுள் இடப்பட்டதையே அளக்கும். இடப்பட்டது தக்கதா, தகாததா என்பதை அது பெரும்பாலும் அறியாது. இதற்குச் சில எடுத்துக்காட்டுகள் கூறுவோம்.

நீரிழிவுக்காரர் ஒருவரின் இரத்தத்தை எடுத்து வாளா வைத்திருப்போமாயின், குழாயினுள்ளும் இரத்த அணுக்கள் உயிரோடிருந்து அதிலுள்ள சர்க்கரையை உண்டுகொண்டேயிருக்கும். அறையின் சாதாரண வெப்பத்தில் ஒரு மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்குவரை சர்க்கரை குறையும். ஆதலால், அவ்வுண்ணுதலைத் தடுக்கும் புளோரைடு உப்பிட்ட குழாயில் எடுத்தலும், காலந்தாழ்த்தாது அணுக்களைப் பிரித்தலும் வேண்டும். இவற்றுள் ஒன்றும் செய்யாது, காலையில் இப்பக்கத்துச் சிற்றூரொன்றில் எடுத்த இரத்தத்தைப் பையிலிட்டு வெயிலில் சுமந்து நண்பகலில் நகரஞ் சேர்த்தால், நோயுடையார் நோயற்றவர்போலத் தோன்றுவார். இயந்திரம் பொய் சொல்லவில்லை. பொய் அதற்கு முன்னரே நுழைந்துவிட்டது.

இனி, மெல்லிய ஊசியால் அவசரமாக இழுத்தெடுத்த இரத்தத்தில் செவ்வணுக்கள் உடைந்துபோகும். அவ்வணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் என்னும் உப்பு, வெளியே நீர்ப்பகுதியில் இருப்பதைப்போல் இருபது மடங்கிற்கு மேற்பட்டது. அணு உடைந்தால் அவ்வுப்பு வெளிப்பட்டு, இருதயம் நின்றுவிடுமோ என்று அஞ்சத்தக்க எண்ணைக் காட்டும். தெளிந்து மஞ்சளாக இருக்கவேண்டிய நீர் செந்நிறம் படிந்திருப்பதைக் கண்டு, "இஃது உதவாது, மீண்டும் எடுத்தனுப்புக" என்று மறுப்பவரே கற்றறிந்த ஊழியர். நள்ளிரவிலும் அவ்வாறு மறுப்பதற்கு அறிவோடு நெஞ்சுரமும் வேண்டும்.

இவற்றினும் பெரிது பெயர் எழுதுதல். ஒரே பெயருடையார் இருவர் ஒரே வார்டில் படுத்திருத்தல் அரிதன்று. ஜுரவேகத்தில் மயங்கிக் கிடப்பவரை நோக்கி, "முருகேசன் நீங்கள்தாமே?" என்று கேட்டால், அவர் தலையசைத்துவிடுவார். ஆதலின், "உங்கள் பெயர் என்ன? தகப்பனார் பெயர் என்ன? வயது யாது?" என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து, கட்டிலருகிலேயே குழாயின்மேல் எழுதவேண்டும் என்பது விதி. இச்சிறு விதி எத்துணை உயிரைக் காக்கின்றது என்பதை இரத்தம் ஏற்றுமிடத்திற் காணலாம். வியன்னா நகரத்துக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்பார் மக்களின் இரத்தம் வெவ்வேறு வகையினது என்பதை 1901-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்காக 1930-ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். ஒவ்வாத வகை ஏற்றப்பட்டால், ஏற்றப்பட்டது அமுதமாயினும் நஞ்சேயாம். பிரசவத்தில் உதிரப்பெருக்குற்ற தாயொருத்தியின் குழாயில் வேறொருத்தியின் பெயர் எழுதப்படுமாயின், அதன்பின் எத்துணைப் பெரிய வைத்தியரின் திறமையும் பயன்படாது.

நிற்க. க்ஷயரோகப் பரிசோதனையைச் சிறிது பார்ப்போம். 1882-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24-ஆம் நாள் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் அந்நோயின் கிருமியைத் தாம் கண்டதை உலகுக்கு அறிவித்தார். கபத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லெனப் பரப்பி, செஞ்சாயமிட்டுச் சூடாக்கி, அமிலத்தாற் கழுவி, பின் நீலச்சாயம் ஏற்றினால், மற்றவையெல்லாம் நீலமாக, க்ஷயக்கிருமி மட்டும் செந்நிறக் குச்சிபோல் தனித்துத் தோன்றும். ஒரு மில்லிலிட்டர் கபத்தில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகளேனும் இருந்தாலன்றி அவை கண்ணிற் படுதல் அரிது. ஆகவே, "கிருமி இல்லை" என்று எழுதுமுன் உருப்பெருக்கியின்கீழ் 100 பார்வைப்புலங்களையேனும் நோக்கல் வேண்டும் என்று விதித்துள்ளனர். இருபது பார்த்துவிட்டு எழுந்துபோனால் அறிவார் யார்? கேட்பார் யார்? அவ்வூழியரின் மனச்சான்று ஒன்றே காவல். அவர் பாராதுவிட்ட எண்பதில் ஒரு குச்சி இருந்திருக்குமாயின், அந்நோயாளி வீடு திரும்பித் தம் பேரக்குழந்தையை மடியில் வைத்து இருமிக்கொண்டிருப்பார்.

1956-ஆம் ஆண்டில் சென்னையில் க்ஷயரோகச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. வீட்டிலிருந்தே மருந்துண்ணும் ஏழைகளும், சானடோரியத்தில் தங்கி ஓய்வும் நல்லுணவும் பெறுவோரை ஒப்பவே குணமடைகின்றனர் என்று அது கண்டு, 1959-ஆம் ஆண்டில் வெளியிட்டது. உலகமெங்கும் அந்நோய்க்குரிய சிகிச்சைமுறையையே மாற்றிய முடிவு அது. அம்முடிவு எதன்மேல் நின்றது? மாதந்தோறும் வந்த கபத்தைச் சாயமேற்றிப் பார்த்தும், குப்பியிலிட்டு வாரக்கணக்கிற் காத்திருந்து கிருமி வளர்கின்றதா என்று பார்த்தும், கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்த ஊழியர்களின் கணக்கின்மேல் நின்றது. இன்று மரபணுவைக்கொண்டு இரண்டு மணி நேரத்திற்குள் கிருமியையும், ரிபாம்பிசின் என்னும் மருந்துக்கு அது பணியுமா என்பதையும் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும், கபத்தை முறையாகப் பெறுதலும், பெயரை முறையாக எழுதுதலும் இன்றும் மனிதர் கையிலேயே உள்ளன.

பொன் நிறுக்கும் வணிகர் தம் தராசை நாடோறும் சரிபார்ப்பது போன்ற வழக்கம் எம் தொழிலிலும் உண்டு. காலையில் நோயாளியின் இரத்தத்தைத் தொடுமுன், முன்னமே அளவறிந்த நீரொன்றை இயந்திரத்திலிட்டு, அது சரியான எண்ணைக் காட்டுகின்றதா என்று பார்த்து ஏட்டில் வரையவேண்டும். எண் எல்லை கடந்தால் அன்றைய வேலையை நிறுத்திக் காரணம் தேடவேண்டும். இதுவன்றி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் பற்பல பரிசோதனைச் சாலைகளுக்கு ஒரே மாதிரியை அனுப்பி, யார் யார் என்ன எண் கண்டனர் என்று ஒப்பிட்டுக் கூறும் திட்டமொன்றை நடத்திவருகின்றனர். தாமே வலிந்து இத்தேர்வுக்கு உட்படும் சாலையே நம்பத்தக்கது.

இத்தொழிலின் பெருமையை ஒரு மெய்ச் சரித்திரத்தால் விளக்க விரும்புகின்றோம். 1985-ஆம் ஆண்டின் இறுதியில், எயிட்ஸ் என்னும் நோய் மேனாடுகளுக்கே உரியது, ஒழுக்கமுள்ள நம் தேசத்தில் அஃது இல்லை என்று கற்றோரும் நம்பியிருந்தனர். அப்பொழுது சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்றுகொண்டிருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா என்னும் அம்மையாரை, அவர்தம் ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமன் அவர்கள், "இந்நோய் இங்கு உண்டா என்று தேடிப் பாருங்கள்" என்று தூண்டினார். கணவரும் ஊக்கமளித்தார். விலைமாதர் வாழ்க்கையிற் சிக்கி மயிலாப்பூரில் அரசாங்க விடுதியொன்றில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் சென்று, அவ்வம்மையார் எண்பதுக்கு மேற்பட்டோரின் இரத்தத்தைச் சேகரித்தார். கையுறையில்லை, வேறு பாதுகாப்புமில்லை. சேகரித்ததை வைக்கத் தக்க வசதியின்மையால், தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்துக் காத்தார். அதனைச் சோதிக்கும் எலிசா என்னும் வசதி அந்நாளிற் சென்னையில் இல்லாமையால், 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இரவு ரயிலேறி வேலூருக்குக் கொண்டுசென்றார். ஆங்கே டாக்டர் ஜேக்கப் ஜான் அவர்களின் துறையில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் நிறம் மாறின.

அன்பர்களே, இங்குத்தான் இத்தொழிலின் அறத்தைக் காணல் வேண்டும். "கண்டுபிடித்துவிட்டோம்" என்று அவர்கள் பறையறையவில்லை. மீண்டும் சோதித்தனர். அவ்வறுவரிடமும் திரும்பிச் சென்று புதிதாக இரத்தம் எடுத்தனர். அதனை அமெரிக்காவுக்கு அனுப்பி வேறொரு முறையாலும் உறுதி செய்தனர். பின்னரே அரசாங்கத்திற்குத் தெரிவித்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் அமைச்சர் டாக்டர் ஹண்டே அவர்கள் சட்டசபையில் அச்செய்தியை வெளியிட்டார். கேட்டவர் பலர் நம்பவில்லை. சோதனையே தவறென்று பழித்தவரும் உளர். ஆயினும் எண் உண்மையாக இருந்தமையால் அது நிலைத்தது. இன்று நம் தேசத்து இரத்த வங்கிகளில், கொடையாகப் பெற்ற ஒவ்வொரு புட்டி இரத்தமும் எச்.ஐ.வி., இருவகைக் காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்பட்ட பின்னரே பிறருக்கு ஏற்றப்பெறுகின்றது. டாக்டர் சுனிதி சாலமன் அவர்களுக்கு 2017-ஆம் ஆண்டில், அவர் மறைந்தபின், பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. டாக்டர் நிர்மலா அவர்களோ தம் ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்துவிட்டு, கிண்டி கிங் நிலையத்தில் பணியேற்று, ஆரவாரமின்றி உழைத்து ஓய்வு பெற்றார்.

இனி, இப்பணியை நம் மக்கள் மேற்கொள்ளுதல் தகுமோ என்னும் வினாவுக்கு வருவோம். இதனைச் சொல்லவே யாம் பெரிதும் விரும்பி வந்தோம். மகனோ மகளோ இப்படிப்பிற் சேரவேண்டுமென்றால், "ஊரார் மலத்தையும் மூத்திரத்தையும் சளியையும் கையாளுவதா? நம் குடியிற் பிறந்து இந்த வேலையா?" என்று தடுக்கும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உளர். எமக்கறிந்த ஒரு குடும்பத்தில், இடங்கிடைத்த பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாது நிறுத்தினர். சம்பந்தம் பேசுவோர் முகஞ்சுளிப்பர் என்பதே அவர்கள் கூறிய காரணம். அப்பெண் நன்கு படித்தவள், இன்று வீட்டிலிருக்கின்றாள்.

சோதரர்களே, நம் சித்த வைத்தியப் பெரியோர் நீர்க்குறி, நெய்க்குறி என்று சாத்திரமே வகுத்துச் சிறுநீரை ஆராய்ந்தனர். அதனால் அவர்தம் பெருமை குன்றியதா? பிள்ளையின் மலத்தின் நிறங்கண்டு நோயறியும் தாயை யாரேனும் இழிந்தவள் என்பரா? பொருளில் இழிவில்லை, அதைக்கொண்டு செய்யும் காரியத்திலேயே உயர்வும் தாழ்வும் உள்ளன. மேலும் ஒன்று சொல்லுவோம். காலையில் எம் மேஜையின்மேல் வரும் குழாய்த்தட்டில் நூறுபேரின் இரத்தம் ஒருங்கே நிற்கும். அவற்றுள் இன்ன குழாய் இன்ன ஜாதி என்று காட்டும் உருப்பெருக்கியை யாம் கண்டதில்லை. எந்த வகுப்பார் இரத்தம் எந்த வகுப்பார்க்குப் பொருந்தும் என்று லாண்ட்ஸ்டைனரும் எழுதவில்லை. நம் இல்லத்துப் பெண்ணொருத்திக்கு இரத்தம் தேவைப்பட்ட இரவில், கொடுத்தவர் யாரென்று நாமும் கேட்டதில்லை. வாங்கும்போது இல்லாத தீட்டு, சோதிக்கும்போது மட்டும் வருவதெங்ஙனம்?

நம் புதுக்கோட்டைச் சீமையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை இங்கு நினைத்தல் பொருந்தும். 1886-ஆம் ஆண்டிற் பிறந்த அவர் மகாராஜா கல்லூரியிற் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் அநுமதியால் சேர்ந்தார். 1912-ஆம் ஆண்டில் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1954-ஆம் ஆண்டில் அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்தார். அன்று எதிர்த்தவர்கள் சொன்னதும் "ஊரார் என்ன சொல்வர்?" என்பதே. அவர்கள் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. அன்றோ ஒரு பெண்ணுக்குக் கல்லூரி வாயில் திறப்பதே அரிதாயிருந்தது. இன்றோ புதுக்கோட்டையிலேயே 2017-ஆம் ஆண்டுமுதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது.

ஆயின், ஓர் எச்சரிக்கையும் கூறுதல் எம் கடமை. இத்தொழிலுக்குத் தேவை மிகுந்தமையால், சிலமாதப் பயிற்சியில் சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்வோர் பலர் தோன்றியுள்ளனர். அவற்றிற் பணத்தைக் கொட்டி ஏமாந்த நம் பிள்ளைகளை யாம் கண்டிருக்கின்றோம். அவ்வாறு பயின்று வந்தவர் கையில் பரிசோதனை எந்நிலை அடையும்? கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்றும், 7-க்குக் குறைந்தால் கடுஞ்சோகை என்றும் உலக சுகாதார ஸ்தாபனத்தார் வகுத்துள்ளனர். ஆறரை உடைய பெண்ணுக்குச் சரியாக அளவாது "பத்து" என்று எழுதிக்கொடுத்தால், அவள் இரும்புச்சத்து மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பப்படுவாள். பிரசவ நாளில் சிறிது உதிரம் போயினும் தாங்கமாட்டாள். ஜுரம் வந்த மறுநாளே ஒருமுறை வைடால் சோதனை செய்து விஷஜுரம் என்று முடிவுகட்டுதலும் இத்தகையதே. ஒரே முறை செய்த அச்சோதனை நம்பத்தகாதது என்பது கற்றோர் யாவரும் அறிந்தது.

இக்கேட்டினைக் களைய, 2021-ஆம் ஆண்டில் நமது பாராளுமன்றம் மருத்துவஞ்சார் தொழிலினர்க்கென ஒரு சட்டம் இயற்றி, பரிசோதனைச் சாலைப் பணியையும் அதனுட் சேர்த்துள்ளது. இங்கிலாந்து தேசத்தில் இத்தொழிலினர் 1912-ஆம் ஆண்டில் "உதவியாளர் சங்கம்" என்றே கூடினர். 1960-ஆம் ஆண்டின் சட்டத்தால் அவர்களுக்குப் பதிவுமுறை வந்தது. இன்று அங்கே பதிவு பெற்றவரன்றிப் பிறர் உயிர்மருத்துவ விஞ்ஞானி என்று தம்மைக் கூறிக்கொள்ளச் சட்டம் இடந்தராது. உதவியாளர் என்ற பெயர் விஞ்ஞானி என்றானது ஒருநாளில் அன்று; கல்வியாலும் ஒற்றுமையாலும் படிப்படியாக ஆயிற்று.

ஆதலின், இவ்வவையினரிடம் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம்.

முதலாவது, பெற்றோர்க்கு. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலும் வேதியியலும் பயின்ற பிள்ளை, வைத்தியப் படிப்புக்கு மதிப்பெண் போதவில்லை என்று வாடியிருந்தால், இத்துறையில் பட்டயமும் பட்டமும் உண்டென்று எடுத்துச் சொல்லுங்கள். அரசாங்கமும் பல்கலைக்கழகமும் அங்கீகரித்த இடம்தானா என்று விசாரித்தபின்னரே பணங்கட்டுங்கள். மகளென்று தடுக்காதீர்கள்.

இரண்டாவது, இளைஞர்க்கு. இத்தொழிலிற் புகழை எதிர்பார்த்து வாராதீர்கள். இவ்வூர்க் குன்றைக் குடைந்து கோயில் கண்டோரும், குதிரை பூட்டிய தேர்போலக் கல்மண்டபம் சமைத்தோரும் யாவர் என்று நம்முள் எவர் அறிவார்? அவர்கள் உளி பிசகாமல் வேலை செய்தனர், வேலை நிற்கின்றது. கண்டதை எழுதுங்கள், காணாததைக் காணவில்லை என்றே எழுதுங்கள். ஐயமிருப்பின் மீண்டும் செய்யுங்கள். யார் வற்புறுத்தினும் எண்ணைத் திருத்தாதீர்கள்.

மூன்றாவது, நமது சங்கத்தார்க்கு. ஆண்டுதோறும் வைத்தியப் படிப்புக்கும் எஞ்சினீயர் படிப்புக்கும் உபகாரச் சம்பளம் அளித்து வருகின்றீர்கள், நன்று. இனி இரண்டு பிள்ளைகளுக்கேனும் இப்படிப்புக்கும் அளிக்க வேண்டுகின்றோம். அவ்விருவருள் ஒருவர் பெண்ணாயிருப்பாராக. யாம் மேலே கூறிய அப்பெண்ணின் வயது இன்னும் கடந்துவிடவில்லை. அவளே முதல்வளாயினும் மகிழ்வோம்.